நல்ல பொருளை நாடச் செய்வது எது?

சுற்றுச்சூழலுக்குக் கேடு விளைக்காத பொருள்களே நல்லவை என்பதை மறுப்பார் இலர். ஆயினும் கடைக்குச் செல்வோருள் பலர் பழகிய பொருளையே வாங்கித் திரும்புகின்றனர். மனத்திலுள்ள விருப்பம் கையிலுள்ள பையை எட்டாதது ஏன்? நம் நாட்டில் நடந்த இரண்டு முயற்சிகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலாவது, 1991ஆம் ஆண்டில் நடுவண் அரசு தொடங்கிய 'ஈகோமார்க்' முத்திரைத் திட்டம். சோப்பு, காகிதம், வண்ணப்பூச்சு முதலியவற்றுள் சுற்றுச்சூழலுக்கு இசைந்தவற்றை மக்கள் இனங்காண, மண்பானை சின்னமாக அமைந்தது. நோக்கம் உயர்ந்ததே. ஆனால் முத்திரை பெற முன்வந்த உற்பத்தியாளர் மிகச் சிலர். ஆதலின் கடையில் அச்சின்னத்தைக் கண்டவரும் சிலரே. காணாத ஒன்றை எவ்வாறு கேட்டு வாங்குவது? இத்திட்டத்திற்கு 2024இல் புதிய விதிகள் வகுக்கப்பட்டன.

இரண்டாவது, எல்.இ.டி. விளக்கு. 60 வாட் குண்டு பல்பு தரும் ஒளியை இது ஏறத்தாழ 9 வாட்டில் தருகின்றது. தொடக்கத்தில் இதன் விலை எளியோர்க்கு எட்டாததாக இருந்தது. 2015 சனவரியில் 'உஜாலா' திட்டம் தொடங்கி, அரசுத்துறை நிறுவனம் மொத்தமாக வாங்கியமையால், 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாயாகத் தாழ்ந்தது. பல மாநிலங்களில் விளக்கின் விலையை மின்கட்டணத்தோடு தவணையாகச் செலுத்தலாம் என்றனர். பழுதானால் மாற்றித் தருவதாகவும் உறுதி கூறினர். இத்திட்டத்தின்வழி 36 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் மக்களைச் சென்றடைந்தன.

இவற்றால் நாம் அறிவன மூன்று: விலை தாங்கக்கூடியதாக இருத்தல் வேண்டும், பொருளின்மேல் நம்பிக்கை பிறத்தல் வேண்டும், அது எளிதில் கிடைத்தல் வேண்டும்.

நான்காவதாக ஒன்றும் உண்டு. அஃது அயலார் வழக்கம். அமெரிக்க விடுதி ஒன்றில் நடத்தப்பெற்று 2008இல் வெளியான ஆய்வில், "சுற்றுச்சூழலைக் காக்க, துண்டை மீண்டும் பயன்படுத்துக" என்னும் வேண்டுகோளைவிட, "இங்குத் தங்குவோருள் பெரும்பாலோர் அவ்வாறே செய்கின்றனர்" என்னும் செய்தியே மிகுதியானோரை இணங்கச் செய்தது. வகுப்பறையிலும் இதனைக் கண்டிருக்கின்றோம். பத்து முறை சொல்லியும் கேளாத பிள்ளை, பக்கத்திலிருப்பவன் செய்யக் கண்டு தானும் செய்யும்.

எனினும் இந்நான்கும் வாங்கும்வரையே துணை நிற்கும். மின்செலவு குறைவுதானே என்று ஆளில்லா அறையிலும் விளக்கெரிய விட்டால், மிச்சமானது மீண்டும் கரைந்துபோகும். பொருளுக்கு அளவு வகுத்துக்கொள்ளுதலை இல்லறத்தார்க்கு நோன்பாக்கியது நம் மரபு. அவ்வளவு நம் கையிலேதான் உள்ளது. அதனை எந்த முத்திரையும் தாராது.

ஆகவே வாங்குமுன் பிள்ளைகளையும் உடன்வைத்து இவற்றை வினவுவோம்: இது தேவைதானா? எத்தனை ஆண்டு உழைக்கும்? நல்லதென்று சான்றளித்தவர் யார்? பயன் தீர்ந்தபின் எங்கே போய்ச் சேரும்? நாம் வினவுவதைக் கேட்டு வளரும் பிள்ளைகள், நாளை தாமே வினவுவர்.