கடல் கடந்த இல்லறம்

மகளிரோடு கடற்பயணம் செய்யும் வழக்கம் இல்லையெனத் தொல்காப்பியப் பொருளதிகாரம் கூறும். பொருள் தேடிச் செல்பவன் மனையாளை ஊரில் நிறுத்திச் சென்று மீள்வதே பண்டைய முறையாம். அவ்வாறு செல்வோனுக்கு அயல்நாடு ஒரு சந்தை போல்வது. எத்துணை ஆண்டு அங்குத் தங்கினும், அவன் நெஞ்சம் தான் புறப்பட்ட துறையையே நோக்கி நிற்கும். மனைவி மக்களோடு செல்வோன் நிலையோ முற்றும் வேறு. சென்ற இடத்திலே அவன் அடுப்பு மூட்டவேண்டும், பிள்ளைக்கு எழுத்தறிவிக்கவேண்டும், நோயுற்றார்க்கு மருந்தும் இறந்தார்க்கு நிலமும் தேடவேண்டும். ஆதலின் அத்தகையோன் படும் பாடுகளைத் தனியே ஆராய்தல் தகும்.

இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற சரித்திரம் ஒன்று நம் அயலிலேயே உளது. அது யாழ்ப்பாணத்திலும் தென்னிந்தியாவிலும் வந்து வாழ்ந்த அமெரிக்க மிஷன் குடும்பங்களின் சரித்திரமாம். அவர்கள் தாபித்த கல்விச்சாலைகளையும் வைத்தியசாலைகளையும் குறித்து அறிஞர் பலர் எழுதியுள்ளனர். அவர்தம் வீட்டினுள்ளே நிகழ்ந்தவற்றைக் குறித்து எழுதினோர் சிலரே. ஆயினும் அயல்நாட்டு வாழ்வை மேற்கொள்ளும் எவர்க்கும் படிப்பினையாகும் செய்திகள் அங்கேயே மிகுதியாயுள்ளன.

முதலாவது, வீடும் தேகநிலையும். பூர், மெயிக்ஸ், றிச்சேட்ஸ் என்போர் தத்தம் மனைவியரோடும், வாறன் என்பார் தனியராகவும், 1815ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் அமெரிக்காவிலுள்ள நியூபரிபோர்ட் துறையிற் கப்பலேறினர். ஐந்து மாதம் கடலில் உழன்று 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்தனர். கவர்னர் பிறௌன்றிக் துரை அவர்களுக்குத் தெல்லிப்பழையையும் வட்டுக்கோட்டையையும் பணியிடங்களாக அளித்தார். ஆண்டு அவர்கள் கண்டவை ஒல்லாந்தர் காலத்துக்குப் பின் பாழ்பட்டுக் கிடந்த கோவில்களும் வீடுகளுமே. அவற்றைத் திருத்திக் குடிபுகுந்தனர். சுவரைச் செப்பனிட்டது போல உடலைச் செப்பனிடுதல் இயலவில்லை. வாறன் 1818இல் இறந்தார். பூர் ஐயரின் மனைவியார் சூசன் அம்மையார் 1821இலும், றிச்சேட்ஸ் 1822இலும் காலமாயினர். சுகந் தேடி நன்னம்பிக்கைமுனைக்குச் சென்று ஆங்கே உயிர்நீத்தவர் வாறன். பிற்காலத்தில் ஸ்கடர் வைத்தியர் 1855இலும், வின்சுலோ ஐயர் 1864இலும் அப்பிரதேசத்திலேயே இறந்தனர். பிறந்த நாட்டிற்கும் வாழ்ந்த நாட்டிற்கும் இடைப்பட்ட ஒரு கரையில், இரண்டிலும் சேராது இம்மூவரும் அடக்கமாயினமை சிந்திக்கற்பாலது.

இரண்டாவது, அரசினர் அனுமதி. குடியேறுவோன் தன் மனவுறுதியையும் கைப்பொருளையும் நம்பிப் புறப்படுகின்றான். அவன் தங்குவதும் திரும்புவதும் ஓர் அதிகாரியின் கையொப்பத்தைச் சார்ந்திருக்கும். 1820இல் இலங்கையின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த சேர் எட்வேட் பாண்ஸ், அமெரிக்க மிஷனெரிமார் மேலும் வருதல் கூடாதெனத் தடுத்தார். அச்சுத்தொழிலாளராய் வந்த கறற் என்பவர் நாட்டைவிட்டு அகலவேண்டியதாயிற்று. இத்தடை நீங்கியது 1833இலேதான். இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகள் புதியவர் எவரும் வந்து தோள் கொடுத்திலர். இறந்தவர் பணியையும் இருந்தவரே சுமந்தனர். அயல்நாட்டுச் சட்டத்தின் ஒரு வரி, ஒரு தாயின் வேலையை இருமடங்காக்க வல்லது என்பது இதனாற் புலப்படும்.

மூன்றாவது, மொழி. இவ்வகையில் அவர்கள் ஒழுகிய முறை நாம் வியந்து பின்பற்றுதற்குரியது. ஊராரின் மொழியை வேலையாளுக்குக் கட்டளையிடும் அளவிற்குக் கற்று நின்றாரல்லர். ஸ்பால்டிங் ஐயர் 1820இல் யாழ்ப்பாணம் வந்து, 1873இல் இறக்குமளவும் தமிழை ஓதியும் எழுதியும் வாழ்ந்தார். கிறித்தவ பண்டிதராகிய நைற் ஐயர் தொடங்கிய அகராதிப் பணியை முற்றுவித்து, அறுபத்தேழாயிரம் சொற்கள் கொண்ட தமிழ் ஆங்கில அகராதியை வின்சுலோ ஐயர் 1862இல் சென்னையில் வெளியிட்டார். 1847இல் வந்த கிறீன் வைத்தியர், மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழிற் பெயர்த்துத் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே வைத்தியங் கற்பித்தார். அவர் 1884இல் தாய்நாட்டில் இறந்தபோது, தமிழர்க்கு வைத்திய ஊழியஞ் செய்தவர் என்னும் பொருள்பட அவர் கல்லறையில் எழுதப்பட்டது. அது அவர் விருப்பமே. பிறந்த ஊரிற் கிடந்தும் வாழ்ந்த ஊரின் பெயரால் அறியப்பட விரும்பினார் அவர்.

வீடு திருத்தப்பட்டது, தடை காலத்தில் நீங்கிற்று, மொழி உழைப்பினாற் கைவந்தது. நான்காவதாகிய ஒன்றுமாத்திரம் தீராது நின்றது. அது பிள்ளைகளின் காரியமாம்.

கடல் கடக்கத் துணிந்தவர் தாயும் தந்தையும். அத்துணிவிற்குப் பிள்ளைகள் உடன்பட்டவரல்லர், அவர்களைக் கேட்டாருமிலர். ஆயினும் அதன் விலையிற் பெரும்பகுதியைச் செலுத்தியவர் அவர்களே. ஸ்கடர் வைத்தியரும் அவர்தம் மனைவியாரும் 1819இற் கப்பலேறியபோது உடன் கொண்டுவந்த பெண்மகவு, யாழ்ப்பாணத்தைக் காணுமுன்னரே கல்கத்தாவில் இறந்தது. பிழைத்து வளர்ந்த பிள்ளைகட்கோ வேறொரு பிரிவு காத்திருந்தது. ஏற்ற கல்வி இங்குக் கிடையாதென்றும், உஷ்ணம் உடலுக்கு ஒவ்வாதென்றும், பெற்றோர் இறப்பின் காப்பாரில்லையென்றும் அஞ்சி, அறிவு தெரியும் பருவத்துப் பிள்ளைகளை அமெரிக்காவிலுள்ள உறவினரிடம் அனுப்பிவிடுதல் வழக்கமாயிற்று.

உடுவிலிலே பெண்பிள்ளைகளுக்கு 1824இல் விடுதிப் பாடசாலை தொடங்கியவர் ஹறியற் வின்சுலோ அம்மையார். அயலார் பெண்களைத் தம்மோடிருத்தித் தாயாய் வளர்த்த அவ்வம்மையார், தம் வயிற்றிற் பிறந்த சாள்ஸ் என்னும் மகனைக் கல்வியின் பொருட்டுக் கடல் கடத்தி அனுப்பினார். பதினொரு வயதினனாகிய அச்சிறுவன் நியூயோர்க்கை அடைந்து, சின்னாளில், 1832 மேயில் இறந்தான். கடிதமும் கப்பலிலே மாதக்கணக்காய்ச் செல்லவேண்டிய காலம் அது. மகன் இறந்தபின்னும் பன்னாள் அவன் உயிரோடிருப்பதாகவே எண்ணித் தாய் வேண்டுதல் செய்திருப்பாள். அடுத்த ஆண்டு ஜனவரியில் அம்மையாரும் உடுவிலில் காலமானார். பிறர் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைத்த கைக்குத் தன் பிள்ளையை அருகிருத்திக் கற்பிக்கும் வழி இல்லாதுபோயிற்று. இதனினும் கொடிய முரண்பாடு வேறுண்டோ?

ஆயினும் கதை இவ்வளவில் முடிந்திலது. 1829இற் பிறந்த அம்மையாரின் மகள், தாயை இழந்தபின் அமெரிக்காவில் வளர்ந்து, டலஸ் என்னும் மிஷனெரியை மணந்து, மீண்டும் சென்னைக்கு வந்தார். ஸ்கடர் வைத்தியரின் புதல்வர் எழுவர் இந்தியாவில் ஊழியம் புரிந்தனர். அவருள் ஒருவரின் மகளாய் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். பெற்றோர் இந்தியா திரும்பியபோது இளவயதில் அமெரிக்காவில் விடப்பட்ட அவர், தாம் ஒருபோதும் மிஷனெரி ஆவதில்லையென உறுதிகொண்டிருந்தார். தாயின் நோய் காரணமாகத் திண்டிவனம் வந்திருந்த காலத்து, ஆண் வைத்தியரை ஏற்காத மூன்று குடும்பங்களில் மூன்று பெண்கள் பிரசவ வேதனையில் ஓரிரவில் இறந்தமை அவர் நெஞ்சை மாற்றிற்று. அவர் வைத்தியங் கற்று வந்து, 1902இல் வேலூரில் வைத்தியசாலையும் 1918இல் பெண்களுக்கு வைத்தியக் கல்விச்சாலையும் நிறுவினார். இரண்டு நாட்டிற்கும் உரியராய் வளர்ந்த பிள்ளைகள் இரண்டிலும் அந்நியராய் அல்லற்படுவதும் உண்டு. இரண்டையும் இணைக்கும் பாலமாவதும் உண்டு. எதுவாவர் என்பதைப் பெற்றோர் முன்னறிதல் அரிது.

பிள்ளைகளின் காரியத்திற்கு ஒருவாறு தீர்வு வந்தது எப்போது? தனித்தனி வீட்டார் தத்தம் மனத்திடத்தால் அதனைத் தீர்த்தாரல்லர். 1834இல் தொடங்கிய மதுரை மிஷனார், உஷ்ணத்தாலும் நோயாலும் பலரை இழந்து, 1845இல் கோடைக்கானல் மலையில் ஓய்வு வீடுகள் கட்டினர். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்படவே பயணமும் சுருங்கிற்று. முடிவில் 1901இல் அம்மலையிலேயே மிஷனெரி பிள்ளைகளுக்கெனப் பாடசாலை ஒன்று ஏற்பட்டது. பிள்ளை பெற்றோர் வாழும் நாட்டிலேயே கற்கலாயிற்று. விடுமுறைக்கு வீடு வரலாயிற்று. பலர் ஒன்றுகூடி ஒரு பொது நிலையத்தை அமைத்ததனாலேயே, எண்பது ஆண்டுகளாகத் தாய்மார் தனித்தழுத துயர் தணிந்தது.

இனி நம்மவர் நிலையை நோக்குவோம். இம்மிஷன் பள்ளிகளில் ஆங்கிலங் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் பலர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பெற்றுச் சென்றனர். முதலில் தனியே சென்றோர் பின்னர் மனைவியரை அழைத்துக் குடும்பமாயினர். 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் கனடா, இங்கிலாந்து, பிரான்சு, சுவிற்சர்லாந்து முதலிய தேசங்களுக்குப் பல்லாயிரவர் பெயர்ந்தனர். மிஷனெரிமார் விரும்பி வந்தவர். பின்னால் ஒரு சங்கத்தின் ஆதரவும் வீட்டில் ஊழியரும் உடையவர். நம்மவரிற் பெரும்பாலோர் துரத்தப்பட்டுச் சென்றவர், கையில் ஒன்றுமில்லாதவர். இவ்வேறுபாட்டை மறத்தல் நியாயமன்று. எனினும் இல்லத்தினுள்ளே எழும் கேள்வி ஒன்றே: நம் பிள்ளை எந்நாட்டான், எம்மொழியான்?

இச்சரித்திரம் நமக்கு உணர்த்துவன மூன்று. சென்ற நாட்டின் மொழியைப் பெற்றோரும் ஆழ்ந்து கற்றல்வேண்டும். பிள்ளையையே துபாஷியாக்கி வைத்தியரிடமும் அதிகாரியிடமும் பேசவிடும் வீட்டில், பெற்றோரின் இடத்தில் பிள்ளை நின்று களைத்துப்போகும். ஏன் ஊரைவிட்டு வந்தோம் என்பதைப் பிள்ளைக்கு அதன் வயதிற்கேற்ப மறையாது சொல்லல்வேண்டும். காரணம் அறியாத பிரிவு குற்றஞ்சாட்டும் பிரிவாகும். தாய்மொழிப் பள்ளியும் வாசிகசாலையும் ஊரார் கூடி நடத்தல்வேண்டும். தனியொரு வீட்டின் கண்டிப்பு ஓரிரு ஆண்டிற் சோரும், ஊராரின் பள்ளியோ ஒருவர் ஓய மற்றொருவர் தாங்க நிலைபெறும். வார இறுதி நாட்களில் தமிழ்ப் பாடசாலை நடத்தும் அன்பர்கள் செய்வது இப்பணியே.

மாணவ நண்பர்காள், உங்களிற் பலர் நாளை கடல் கடப்பீர். பிரயாணச் சீட்டும் உத்தியோகக் கடிதமும் ஆயத்தமாகும்போது, உம்முடன் வரப்போகும் சிறுபிள்ளை எங்கே எழுதப் படிக்கும், யாரோடு விளையாடும், எம்மொழியிற் பாட்டியோடு பேசும் என்பவற்றையும் விசாரித்துக்கொள்வீராக.