முதலில் எந்த ஆல்பம்?

கேள்வி: ஜாஸ், ராக், மேற்கத்திய செவ்வியல் என எல்லாவற்றிலும் 'காலத்தை வென்ற ஆல்பம்' என்று சிலவற்றைச் சொல்கிறார்களே, எதில் தொடங்கலாம்?

பதில்: யோசிக்கவே வேண்டாம், ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. 1959-இல் நியூயார்க்கில், முன்பு தேவாலயமாக இருந்த ஸ்டுடியோவில் இரண்டே நாளில் பதிவானது. கலைஞர்கள் கையில் முழு ஸ்வரக்குறிப்பு கிடையாது. எந்தெந்த ஸ்கேல் என்று கோடி காட்டிவிட்டு வாசிக்க விட்டார். ராக ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு இது சட்டென்று பிடிபடும். முதல் பாட்டில் மெட்டை எடுத்துக்கொடுப்பது ட்ரம்பெட் அல்ல, பால் சேம்பர்ஸின் பேஸ். பிறகு ட்ரம்பெட் தனியாகப் புறப்படும் இடத்தில் டிரம்மர் ஜிம்மி காப் சிம்பலில் ஓங்கி ஓர் அடி கொடுக்கிறார். அந்த அதிர்வு மெல்ல மெல்ல அடங்குவதைக் கவனியுங்கள். எத்தனை முறை கேட்டாலும் அங்கே எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அடுத்து, க்ளென் கூல்ட் பியானோவில் வாசித்த பாக்கின் 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்'. 1955 பதிவு துள்ளல், 1981 பதிவு நிதானம். என் ஓட்டு பின்னதற்கே. வாசித்தபடி அவர் முனகுவதுகூடக் கேட்கும். பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' (1973) புகழுக்குத் தகுந்ததுதான், ஆனால் பாட்டு பாட்டாகப் பிய்த்துக் கேட்காதீர்கள்.

இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' தியாகராஜருக்கும் பாக்குக்கும் அவர் செலுத்திய காணிக்கை. கூல்டைக் கேட்ட கையோடு அதைப் போடுங்கள்.