வீணையிலும் பிடிலிலும் ‘வருகலாமோ’

வாய்ப்பாட்டாகப் பிறந்த பக்திப் பாடல் ஒன்றை, இரண்டே கருவிகள் வாசிக்கும்படி அமைப்பது எப்படி? “மெட்டு இருக்கிறது, சொல் மட்டுந்தானே போகிறது?” என்று நண்பர்கள் சிலர் எண்ணக்கூடும். சொல் போகும்போது அதனுடன் வேறு என்னென்ன போகின்றன, அவற்றுள் எவற்றைக் கருவிகளால் மீட்க இயலும் என்பதை ஒரே ஒரு பாடலை வைத்து ஆராய்வோம். நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்காக, வீணை பயின்ற தோழி ஒருவரும் பிடில் வாசிக்கும் நானும் அமைத்த பாடல் அது: கோபாலகிருஷ்ண பாரதியாரின் ‘வருகலாமோ’.

திருநாளைப்போவார் வரலாற்றைச் சேக்கிழார் பெரிய புராணத்தில் சுருக்கமாகவே பாடினார். 19ஆம் நூற்றாண்டில் பாரதியார் அதை விரித்து, நந்தனாரை ஏவி வேலை வாங்கும் வேதியர் என்னும் பாத்திரத்தைப் புதிதாகப் படைத்து, நந்தனார் சரித்திரக் கீர்த்தனையாக்கினார். பிறப்பைக் காட்டித் தடுக்கப்பட்ட ஒருவர் இறைவனிடம், உள்ளே வரலாமா என்று கேட்பதே இப்பாடலின் பொருள். இராகம் மாஞ்சி, தாளம் மிச்ர சாபு.

தமிழ் இலக்கணம் நமக்கு இங்கே பெருந்துணை புரிகிறது. ‘வரலாம்’ என்பது இசைவு. ‘வரலாமோ’ என்பது வினா. இரண்டுக்கும் இடையே நிற்பது ‘ஓ’ என்னும் ஓரெழுத்தே. பாட்டின் உயிர் அந்த ஓரெழுத்தில் இருக்கிறது. அதைக் கருவி எவ்வாறு சொல்லும்?

பௌதிக மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஒரே சுருதியில் ‘ஆ’ என்றும் ‘ஓ’ என்றும் பாடினால் அடிப்படை அதிர்வெண் மாறுவதில்லை. வாயறையின் வடிவம் மாறுவதால், உடன் ஒலிக்கும் மேற்சுரங்களுள் சில வலுப்பெறுகின்றன, சில மெலிகின்றன. அந்த வேறுபாட்டையே நம் காது எழுத்தாக அறிகிறது. வீணையின் குடமும் பிடிலின் பெட்டியும் வாயைப்போல் வடிவம் மாறுவன அல்ல. ஆகவே ‘ஓ’ என்ற ஒலியை அவற்றால் சொல்ல இயலாது. ஆயினும் அந்த எழுத்தின் நீளத்தையும், அதை அடையும் தயக்கத்தையும், அதன்பின் வரும் மௌனத்தையும் காட்ட இயலும். கருவியிசை அமைப்பவனுக்குரிய முதல் இவை மூன்றே.

இனி, கருவிகளின் இயல்பைப் பார்ப்போம். வீணைத் தந்தியை மீட்டிய கணத்தில் ஒலி தெளிவாகப் பிறக்கிறது; பிறந்தவுடனேயே தேயத் தொடங்குகிறது. பிடிலிலோ, வில் தந்தியைப் பற்றி இழுப்பதும் தந்தி நழுவுவதுமாக அதிர்வு தொடர்கிறது. வில் நகரும்வரை ஒலி வாழ்கிறது. வில்லால் அதிரும் தந்திகளைப் பற்றி 1918லும், வீணை, தம்பூரா ஆகியவற்றைப் பற்றி 1921லும் சி. வி. இராமன் ஆராய்ந்து எழுதினார். வீணைக் குதிரையின் அகன்ற வளைந்த மேற்பரப்பே அதன் ஒலியில் மேற்சுரங்கள் செறிந்திருக்கக் காரணம் என்று அவர் விளக்கினார்.

இந்த இரு இயல்புகளையும் நம் எழுத்து முறையோடு பொருத்திப் பாருங்கள். வீணையின் மீட்டு மெய்யெழுத்தைப் போன்றது. பிடிலின் வில் உயிரெழுத்தைப் போன்றது. இரண்டும் கூடினால் உயிர்மெய்! எங்கள் அமைப்பு முழுவதும் இந்த ஓர் எண்ணத்தின்மேல் நிற்கிறது.

செய்முறை வருமாறு:

முதலாவது, சுருதி. வீணையை ஓரளவுக்குமேல் ஏற்றினால் தந்தி தாங்காது. ஆகவே பிடில்தான் வீணையின் சுருதிக்கு இறங்கி வரவேண்டும்.

இரண்டாவது, சுரங்களின் கீழே சாகித்தியத்தை எழுத்தெழுத்தாக எழுதிக்கொள்ள வேண்டும். வ, ரு, க என்பன மூன்று குறில். லா, மோ என்பன இரண்டு நெடில். ஆக ஐந்து மீட்டு. ஒரு நெடிலின் கார்வைக்குள் வலக்கை மீண்டும் மீட்டலாகாது; அங்கே இடக்கையின் கமகமே பேச வேண்டும். பிடிலில் ஒரு சொல்லுக்கு ஒரு வில். சொல்லின் நடுவில் வில்லைத் திருப்பினால், பாடகர் சொல்லின் நடுவில் மூச்சு வாங்கியது போலாகும்.

மூன்றாவது, தாளம். மிருதங்கம் இல்லாத குறையை வீணையின் மூன்று தாளத் தந்திகள் தீர்க்கின்றன. மிச்ர சாபு மூன்றும் நான்குமாக ஏழு எண்ணிக்கை உடையது. முதல் எண்ணிக்கையிலும் நான்காவதிலும் தாளத் தந்தியைத் தொட்டால் போதும்.

நான்காவது, விடவேண்டியவை. மாஞ்சி பைரவிக்கு மிக நெருங்கிய இராகம். விரைந்த பிடிகளைச் சேர்த்தால் பைரவியின் சாயல் வந்து விழும். ஆகவே கற்பனைச் சுரத்தை நீக்கினோம், சங்கதிகளையும் குறைத்தோம்.

இறுதியாக, பங்கீடு. இரு கருவி என்றவுடன், ஒன்று வினவ மற்றொன்று விடை கூறும்படி அமைக்கத் தோன்றும். இப்பாடலுக்கு அது பொருந்தாது. வீணை பதில் சொன்னால், கதவு திறந்துவிட்டது என்று நாமாகவே தீர்ப்புச் சொன்னதாகும். பாடலுக்குள் நந்தனார் இன்னும் வெளியேதான் நிற்கிறார். எனவே இரு கருவிகளும் ஒரே வினாவையே கேட்கின்றன: பல்லவியின் ‘மோ’வை வீணை மீட்டித் தொடங்கிவைக்கிறது, அது தேயும்போது பிடில் அதே சுரத்தை ஏந்தி நீட்டுகிறது. கடைசி முறை வில்லின் அழுத்தம் குறைந்து குறைந்து நிற்கும். அதன்பின் ஒரு முழு ஆவர்த்தம் மௌனம். அந்த ஏழு எண்ணிக்கையும் பாட்டைச் சேர்ந்தவையே.

தமிழறியாத வடநாட்டு நண்பர்களும் நம் விழாவுக்கு வருகிறார்கள். சொல் விளங்காத அவர்களுக்கும், யாரோ எதையோ கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார் என்பது விளங்க வேண்டும். இம்முறையில் வேறு பாடல்களை அமைக்க விரும்பும் மாணவ அன்பர்கள், கருவியைத் தொடுமுன் சாகித்தியத்தை மெட்டின்றி வாய்விட்டுப் பலமுறை படிக்க வேண்டும். எந்த எழுத்தை இழந்தால் பாடலே மாறிவிடும் என்று கண்டறிந்து, அதனைக் காப்பதிலிருந்து வேலையைத் தொடங்குக.