செவ்வால் வானம்பாடியை அடையாளம் காணல்

செவ்வால் வானம்பாடி தீபகற்ப இந்தியாவின் சரளைத் தரிசிலும் கரட்டோரப் பொட்டலிலும் வாழும் பறவை. நீளம் சுமார் 16 செ.மீ.; ஊர்க்குருவியைவிடச் சற்றே பெரியது. மேலுடல் கரும்பழுப்பு, வயிறு செங்காவி, மார்பில் மங்கலான கீற்றுகள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தோற்றத்தில் வேறுபாடில்லை. உழுதுபோட்ட செம்மண்ணில் அது அமர்ந்தால் மண்கட்டி எது, பறவை எது என்று தெரியாது. ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். நின்ற கணத்தில் கண்ணிலிருந்து தொலைந்துபோகும்.

ஆகவே பார்க்க வேண்டியது வாலை, அதுவும் பறவை எழும் நொடியில். விரிந்த வால் துருச்சிவப்பாகத் தெரியும். நுனியில் முக்கோணமாகக் கருமை படர்ந்திருக்கும். பறவை எழுந்த பிறகு பைனாகுலரைத் தேடுவது புதியவர்கள் எல்லாரும் செய்யும் பிழை. கண்ணில் வைப்பதற்குள் வால் மூடிவிடும். வெயில் முதுகில் விழும்படி உட்கார்ந்து, தரையில் ஓடும்போதே பைனாகுலரில் பிடித்துவைத்துக் காத்திருப்பதே வழி. துரத்தினால் கிடைப்பது தொலைவில் ஒரு புள்ளிதான். கானல் ஆடத் தொடங்கிவிட்டால் கீற்றும் தெரியாது, கருமையும் தெரியாது. காலையிலேயே போய்விட வேண்டும்.

இதே நிலத்தில் ஏமாற்றும் பறவைகள் சில உண்டு. சிவந்த இறக்கை வானம்பாடிக்குச் சிவப்பு இறகில்தான், வாலில் இல்லை. அது புதர்முனையிலும் கம்பியிலும் விருப்பமாக அமரும். நெட்டைக்காலிக்கு மெல்லிய அலகு, நீண்ட கால், ஓயாமல் ஆடும் வால், வாலோரம் வெள்ளை. சாம்பல் தலை வானம்பாடியின் பெண் அளவில் சிறியது, வெளிறியது. அதிகம் குழப்புவது பெண் கருஞ்சிட்டுதான். பழுப்பு உடலும் சிவப்பும் கண்ட அவசரத்தில் குறிப்பேட்டில் தவறான பெயர் ஏறிவிடும். அதன் சிவப்பு வாலின் அடியில் இருக்கிறது. வாலையும் நிமிர்த்தியே வைத்திருக்கும்.

சந்தேகம் தீராவிட்டால் பாட்டு உதவும். ஆண் செவ்வால் வானம்பாடி பாடிக்கொண்டே மேலேறி, படிப்படியாகச் சரிந்து இறங்கும். சிவந்த இறக்கை வானம்பாடியோ மரத்திலிருந்தோ புதரிலிருந்தோ எழும்பி, இறகை உயர்த்திக் காலைத் தொங்கவிட்டு மெல்ல இறங்கும்.

செவ்வால் வானம்பாடியின் கூடு தரையில், புல்கொத்தின் அல்லது மண்கட்டியின் ஓரத்தில் ஒரு சிறு குழி. கோடைக்கு முன்பும் கோடையிலும் முட்டையிடும். அப்போது காலடியிலிருந்து பறவை எழுந்தால், அந்த இடத்தைத் தேடாமல் வந்த தடத்திலேயே திரும்ப வேண்டும்.