படித்துறையில் நண்டு பிடிக்கலாம்: முதன்முறை இறங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர்ப் பக்கத்து வாய்க்காலில் நண்டு பிடிக்கத் தூண்டில் முள்ளும் வேண்டாம், படகும் வேண்டாம். கொஞ்சம் நூலும் ஒரு துண்டு கோழிக்குடலும் போதும். ஆனால் நிற்பது யாருடைய வரப்பு, அந்த வயலுக்கு என்ன மருந்து அடித்திருக்கிறது என்று விசாரிக்காமல் இறங்கக் கூடாது. பிடிக்கும் வித்தை ஒரே மாலையில் வந்துவிடும். இந்த விசாரிப்புதான் முதலில் பழக வேண்டியது.

எப்போது போவது

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து கிளை வாய்க்கால்களில் இறங்கும். கோடை முழுக்க வளைக்குள் ஆழத்தில் பதுங்கிக் கிடந்த நண்டுகள் ஈரம் கண்டதும் மேலே வரும். இளம் நாற்றை அடித்தண்டோடு வெட்டிப் போடுவதும், வரப்பைத் துளைத்து வயல் தண்ணீரை ஒழுகவிடுவதும் நண்டின் வேலை என்பதால், நட்ட புதிதில் பிடிக்க அனுமதி கேட்டால் பெரும்பாலும் சரியென்றுதான் சொல்வார்கள்.

புதியவர்களுக்கு என் பரிந்துரை ஐப்பசியும் கார்த்திகையும். சம்பா வயலில் தண்ணீர் நிற்கும், மழையும் இருக்கும். மழை விட்ட அந்திப் பொழுதில் நண்டு தானாகவே நடமாடும்.

மருந்து அடித்த வயல் வேண்டாம்

குருணை மருந்து போட்ட வயலிலும், பூச்சிமருந்து தெளித்த வயலிலும், அதன் வடிகாலிலும் பிடித்ததைச் சாப்பிடாதீர்கள். செத்தோ மயங்கியோ கிடக்கும் நண்டைத் தொடவும் வேண்டாம். இயற்கை முறையில் பயிர் செய்பவர் யாராவது ஊரில் இருந்தால் அவரிடமே கேளுங்கள். சாக்கடை கலக்கும் வாய்க்காலையும் ஒதுக்கிவிடுங்கள்.

வளையை அடையாளம் காண்பது

நண்டு குடியிருக்கும் வளையின் வாயில் ஈரச் சேறு சின்னச் சின்ன உருண்டைகளாகக் கிடக்கும். பக்கத்திலேயே சேற்றில் கால் கீறிய தடம் தெரியும். வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தாலோ, மண் காய்ந்து இறுகியிருந்தாலோ நண்டு அங்கே இல்லை. நண்டு விட்டுப்போன வளையில் பாம்பு தங்கும். டெல்டா வயல்களில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் உண்டு. அதனால் எந்த வளைக்குள்ளும் கையை விடாதீர்கள். இருட்டில் டார்ச் லைட்டும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் அவசியம். பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம். 108-ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வளையைத் தோண்டினால் வரப்பு உடையும். தோண்டாமல் பிடிக்கும் வழிகளைத்தான் கீழே சொல்கிறேன்.

நூல் போட்டுப் பிடித்தல்

கோழிக்குடலையோ கருவாட்டுத் துண்டையோ நூலில் இறுக்கிக் கட்டி, ஒரு சிறு கல்லையும் சேர்த்துக் கட்டுங்கள். படித்துறையின் கடைசிப் படியில், கல் இடுக்கை ஒட்டி இறக்குங்கள். மதகுச் சுவரின் ஓரமும் நல்ல இடம். நூலை விரல்மேல் தளர்வாகப் போட்டுக்கொண்டு காத்திருங்கள். முதலில் சுண்டுவது போல இரண்டு மூன்று தட்டு வரும். அது கெண்டைக்குஞ்சாகவும் இருக்கலாம். பிறகு நூல் மெதுவாக ஒரு பக்கமாக நகர்ந்து கனக்கும். நண்டு இரையைக் கவ்வி இடுக்குக்கு இழுக்கிறது.

இங்கேதான் அவசரப்பட்டு வெடுக்கென்று இழுப்பார்கள். நண்டுக்கு முள் மாட்டுவதில்லை, அது தன் பிடியால்தான் தொங்குகிறது. தண்ணீர் மட்டத்தைத் தாண்டியதும் பிடியை விட்டுவிடும். அங்குலம் அங்குலமாக இழுத்து, நண்டு மங்கலாகத் தெரியும்போதே இன்னொரு கையால் மூங்கில் கூடையையோ கைவலையையோ அடியில் கொடுத்துத் தூக்குங்கள்.

பானை புதைத்தல்

வழவழப்பான உட்புறம் கொண்ட வாயகன்ற பானையை, வரப்போரம் தண்ணீர் நிற்காத இடத்தில், வாய் தரைமட்டத்துக்கு வரும்படி புதையுங்கள். உள்ளே வறுத்த தவிடோ கருவாடோ போடுங்கள். இரவில் மேய வரும் நண்டு விழுந்தால் ஏற முடியாது. விடிந்ததும் கையை விடாமல் டார்ச் அடித்துப் பாருங்கள். தவளையும் பாம்பும்கூட விழுந்திருக்கும். வேலை முடிந்ததும் பானையை எடுத்துக் குழியை மண் போட்டு மிதித்து மூடிவிட வேண்டும்.

கையில் எடுப்பதும் திருப்பி விடுவதும்

பின்பக்கமாகப் போய், ஓட்டின் இரு ஓரங்களையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடியுங்கள். கவ்விவிட்டால் உதறாதீர்கள். கையை நண்டோடு தண்ணீரில் வைத்தால் பெரும்பாலும் தானே விடும்.

அடிவயிற்று மடலைப் பாருங்கள். குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். கடல் நண்டின் முட்டையிலிருந்து நீந்தும் இளம்புழு வரும். வயல் நண்டு அப்படியில்லை. முட்டையிலிருந்தே குட்டி நண்டாக வந்து, சில காலம் தாயின் மடலுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். மடலுக்குள் முட்டையோ குஞ்சோ தெரிந்தால் அந்தத் தாயை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் மனமில்லை.

பிடித்ததை ஈரச் சாக்கு போட்ட வாளியில் வையுங்கள். வாளி நிறையத் தண்ணீர் ஊற்றினால் காற்று இல்லாமல் செத்துப்போகும். நெருக்கி அடைத்தால் ஒன்றின் காலை மற்றொன்று பிய்க்கும்.

பெரிய நண்டு ஆசை இருந்தால்

அதற்கு முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கத்து உப்பங்கழிக்குப் போக வேண்டும். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே நண்டு பிடிக்கும் கூடு வைக்கக் கூடாது. அங்கே நண்டு பிடிப்பது பலருக்குப் பிழைப்பு, அவர்கள் வலைக்குப் பக்கத்தில் பொழுதுபோக்குக்காகக் கயிறு இறக்காதீர்கள்.

அடுப்புக்கு

மேல் ஓட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் இறகு போல இருக்கும் செவுள்களைப் பிய்த்து எறியுங்கள். நன்றாக அலசி, அம்மியில் நசுக்கித் தண்ணீர் விட்டு வடிகட்டினால் ரசத்துக்குச் சாறு தயார். மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்து நன்றாகக் கொதிக்கவிடுங்கள். நன்னீர் நண்டை அரைவேக்காட்டில் சாப்பிட்டால் நுரையீரல் புழு தொற்றலாம். மணிப்பூரில் இந்த நோய் பதிவாகியிருக்கிறது. நசுக்கிய அம்மியையும் கத்தியையும் கொதிநீரில் கழுவிவிட்டுத்தான் அடுத்த சமையலுக்கு எடுக்க வேண்டும். இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த ரசத்தைப் பரிமாறாதீர்கள்.