போட்டியும் நட்பும்: கட்டுரைக்கு ஓர் எடுத்துக்காட்டு

மாணவர்களே, "போட்டியும் பொறாமையும்" போன்ற தலைப்பு வினாத்தாளில் வந்தால் பலரும் பொதுக் கருத்துகளாலேயே பக்கத்தை நிரப்பிவிடுகின்றனர். உண்மைச் சம்பவம் ஒன்று இருந்தால் கட்டுரை உயிர் பெறும். பின்வருவதைக் கவனியுங்கள்.

'அமெரிக்கன் ஐடல்' என்னும் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் இரண்டாம் பருவ இறுதிச்சுற்று 2003 மே மாதம் நடைபெற்றது. மோதியவர்கள் அலபாமா மாநிலத்து ரூபன் ஸ்ரடாட், வட கரோலினா மாநிலத்து கிளே எய்க்கன். ஏறத்தாழ 240 இலட்சம் வாக்குகளில் ரூபன் வென்றது சுமார் 134,000 வாக்குகளாலேயே. நூற்றுக்கு ஒன்று கூட இல்லை! தொலைபேசி இணைப்புக் கிடைக்காத இரசிகர்கள் முடிவையே ஐயுற்றனர். அடுத்த மாதம் இன்னொரு திருப்பம்: தோற்றவரின் பாடல் பில்போர்ட் தரவரிசையில் முதலிடம் பெற, வென்றவரின் பாடல் இரண்டாமிடத்தில் நின்றது. பகைக்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

ஆயினும் 2010 இல் இருவரும் சேர்ந்து இசைப்பயணம் சென்றனர். 2018 இல் நியூயோர்க்கின் பிரோட்வே அரங்கில் நத்தார் நிகழ்ச்சி நடத்தினர். 2023 இல், போட்டியின் இருபதாம் ஆண்டையொட்டி மீண்டும் ஊர் ஊராகப் பாடினர்.

எழுதும்போது ஆண்டுகளை வெறுமனே அடுக்காதீர்கள். வாக்கு வித்தியாசத்தை முதலிற் கூறினால்தான் பின்னர் வரும் ஒரே மேடைக்குப் பெறுமதி உண்டு. சச்சரவு பெரும்பாலும் இரசிகர்களிடையே எழுந்தது என்பதையும் மறவாதீர்கள். பலர் தவறவிடும் இடம் இதுவே.

பயிற்சி: இரசிகர்களின் பகை பாடகர்களைத் தொற்றாமைக்கு நீங்கள் கருதும் காரணம் ஒன்றை ஐந்து வரிகளில் எழுதுக.