தோற்பதற்காக ஆடிய ஓர் ஆட்டமும் ஒரு தங்கப் பதக்கமும்

விளையாட்டு வீரர்களைப் பற்றி நாம் வகுப்பில் சொல்லும் கதைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் ஓடுகின்றன: எளிய குடும்பம், கடும் உழைப்பு, பதக்கம். குழந்தைகள் கேட்கிறார்கள், கைதட்டுகிறார்கள், மறந்துவிடுகிறார்கள். விவாதிப்பதற்கு அதில் ஒன்றும் இருப்பதில்லை. இந்தோனேசியாவின் இறகுப்பந்து வீராங்கனை கிரேசியா பொலீயின் வாழ்க்கை அப்படிப்பட்டதன்று. எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் ஒரு பாடவேளை முழுவதும் பேச அதில் இடமுண்டு. (பெயரைக் கரும்பலகையில் எழுதும்போது நெடில் இடம் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘போலி’ என்று எழுதிவிட்டால் வகுப்பு சிரிப்பில் கரைந்துவிடும். நாம் பேசப்போகும் செய்திக்கு அது வேண்டாத பொருத்தமாகவும் அமைந்துவிடும்.)

1987 ஆகஸ்ட் 11 அன்று ஜகார்த்தாவில் பிறந்தவர் இவர். இரட்டையர் ஆட்டமே இவருடைய களம். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் மெய்லியானா ஜௌஹரியுடன் இணைந்து ஆடினார். பாடத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதற்கு முந்தைய ஒலிம்பிக்குகளில் இறகுப்பந்தில் தோற்றவர் உடனே வெளியேறுவார். இலண்டனில் முதன்முறையாகக் குழுச்சுற்று வந்தது. மகளிர் இரட்டையரில் 16 இணைகள் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவர்களுக்குக் காலிறுதி. இந்த அட்டவணையைக் கரும்பலகையில் வரைந்துவிட்டு மாணவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘கடைசி ஆட்டத்துக்கு முன்பே இரண்டு இணைகளும் காலிறுதிக்குத் தகுதி பெற்றுவிட்டால், அந்த ஆட்டத்தில் தோற்பதால் யாருக்காவது லாபம் உண்டா?’ நாம் விடை சொல்லத் தேவையில்லை. இரண்டு நிமிடத்தில் யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார்.

ஜூலை 31 அன்று நடந்ததும் அதுதான். டென்மார்க் இணையிடம் எதிர்பாராமல் தோற்றதால் சீனாவின் ஓர் இணை தன் பிரிவில் இரண்டாமிடம் பெற்றிருந்தது. சீனாவின் மற்றொரு இணையான வாங் சியாவ்லி, யூ யாங் தம் பிரிவில் வென்றால், இறுதிப்போட்டிக்கு முன்பே தம் நாட்டவரைச் சந்திக்கும் நிலை. எனவே அவர்கள் தோற்க விரும்பினார்கள். எதிரே நின்ற தென்கொரிய இணையும் வெல்ல விரும்பவில்லை. சர்வீஸ்கள் வலையில் விழுந்தன, பந்துகள் கோட்டுக்கு வெளியே பறந்தன. பணம் கொடுத்து வந்த பார்வையாளர்கள் கூச்சலிட்டார்கள். அடுத்து பொலீ இணைக்கும் மற்றொரு தென்கொரிய இணைக்கும் நடந்த ஆட்டமும் அதே கூத்துதான். வென்றால் காலிறுதியில் வாங், யூ இணையை எதிர்கொள்ள வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். மறுநாள் நான்கு இணைகளும், அதாவது எட்டு வீராங்கனைகளும், வெற்றிக்காக முழு முயற்சி எடுக்கவில்லை என்ற குற்றத்துக்காகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டனர்.

‘தவறு விதியிலா, வீராங்கனைகளிடமா?’ என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரியட்டும். ‘முடிவில் தங்கம் வெல்லத்தானே அப்படிச் செய்தார்கள், நீண்ட ஓட்டத்தில் முதல் சுற்றில் யாரும் முழு வேகத்தில் ஓடுவதில்லையே?’ என்று ஒரு மாணவர் வாதாடக்கூடும். அது வலுவான வாதம். அவசரப்பட்டு அடக்கிவிட வேண்டாம். மெதுவாக ஓடுவதற்கும் எதிராளிக்கு வேண்டுமென்றே புள்ளி கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இன்னொரு மாணவரே சொல்லும்வரை காத்திருக்கலாம். விதியில் ஓட்டை இருந்ததைச் சம்மேளனமும் உணர்ந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் இரட்டையர் பிரிவில் இரண்டாமிடம் பெற்றவர்கள் யாருடன் மோதுவது என்பதைக் குழுச்சுற்று முடிந்தபின் குலுக்கலில் தீர்மானித்தார்கள். ஆனால் விதி வகுத்தவர்கள் யாரும் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை, ஆடியவர்கள்தான் அனுப்பப்பட்டார்கள் என்பதையும் வகுப்பில் சொல்லத்தான் வேண்டும்.

பொலீ ஆட்டத்தை விடவில்லை. நித்யா கிரிஷிந்தா மஹேஸ்வரியுடன் மீண்டும் இணைந்து 2014 இன்சியான் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். ரியோவில் காலிறுதியில் தோல்வி; வென்ற சீன இணையில் ஒருவர் அதே யூ யாங். பின்னர் நித்யாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. இணை இல்லாத இரட்டையர் வீராங்கனை என்ன செய்வார்? ஓய்வு பெறத்தான் நினைத்தார். பயிற்சியாளர் எங் ஹியான், 2004 ஏதென்ஸில் ஆடவர் இரட்டையரில் வெண்கலம் வென்றவர், இளையவர் ஒருவரை வளர்த்துவிடும்வரை பொறுக்கச் சொன்னார்.

அப்படி வந்தவர் தென்கிழக்குச் சுலாவெசியின் அப்ரியானி ரஹாயு. பொலீயைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். 2017இல் இணைந்த இவர்கள் அந்த ஆண்டிலேயே தாய்லாந்து ஓப்பனையும் பிரெஞ்சு ஓப்பனையும் வென்றனர். ஆசிரியர்களாகிய நம்மை இக்கதையில் அதிகம் ஈர்க்க வேண்டிய பகுதி இதுதான் என்பேன். இரட்டையரில் தாக்கும்போது ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் நிற்பார்கள். தடுக்கும்போது பக்கவாட்டில் விரிவார்கள். நொடிக்கு நொடி இடம் மாறும் இந்த ஆட்டத்தில், மூத்தவர் எல்லாப் பந்தையும் தானே எடுக்க முயன்றால் இளையவர் நின்று வேடிக்கை பார்ப்பார், காலியான இடத்தில் பந்து விழும். மெல்லக் கற்கும் மாணவரை நன்றாகப் படிக்கும் மாணவருடன் உட்காரவைத்துவிட்டு, எழுதுவதெல்லாம் ஒரே கை என்பதைப் பிறகு கவனிக்கும் அனுபவம் நம்மில் பலருக்கு உண்டே!

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்கு இந்த இணை தரவரிசைச் சலுகை ஏதுமின்றிச் சென்றது. குழுச்சுற்றின் கடைசி ஆட்டத்தில் எதிரே ஜப்பானின் முதல்நிலை இணையான ஃபுகுஷிமா, ஹிரோதா. இரு இணைகளும் ஏற்கெனவே இரண்டு ஆட்டங்களில் வென்று காலிறுதியை உறுதிசெய்திருந்தன. ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய அதே நிலை! முழங்காலில் பெரிய கட்டுடன் ஹிரோதா ஆடினார். மூன்று செட் நீண்ட ஆட்டத்தில் 24-22, 13-21, 21-8 என பொலீ இணை வென்றது. கரும்பலகையில் 2012 அட்டவணைக்குப் பக்கத்தில் இந்த எண்களை எழுதிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்து பாருங்கள்.

ஆகஸ்ட் 2 அன்று இறுதி. சீனாவின் சென் சிங்சென், ஜியா யீஃபான் இணையை 21-19, 21-15 என வென்றார்கள். இரண்டாவது செட்டில் பந்து ஆட்டத்தில் இருக்கும்போதே பொலீயின் மட்டை நரம்பு அறுந்தது. அவர் ஓடிப்போய் வேறு மட்டையை எடுத்து வரும்வரை களத்தைத் தனியாகக் காத்தவர் அப்ரியானி. அந்தப் புள்ளியும் அவர்களுக்கே கிடைத்தது. ஒலிம்பிக் மகளிர் இரட்டையரில் இந்தோனேசியாவுக்கு அதுவே முதல் தங்கம். பொலீக்கு 34 வயது நிறைய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. 2022 ஜூனில், ஜகார்த்தாவில், ரசிகர்கள் முன்னிலையில் விடைபெற்றார்.

உடற்கல்வி ஆசிரியர் உதவினால் பாடத்தை மைதானத்துக்கும் நீட்டிக்கலாம். ஆறாம் வகுப்பு மாணவி ஒருவரையும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவரையும் இணையாக்கி ஒரு வாரம் ஆடவிடுங்கள். புள்ளிக் கணக்கோடு, இளையவர் எத்தனை பந்தைத் தொட்டார் என்பதையும் ஒருவர் குறித்துவரட்டும். வெள்ளிக்கிழமை அந்த இரண்டாவது கணக்கை மட்டும் வகுப்பில் படிக்கச் சொல்லுங்கள்.